இல்லாத இருமல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு மாத்திரையில்தான் வந்து நிற்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் எதைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள் என்பதில். போன மாதம் பழைய பள்ளித் தோழிகள் கூடியபோது ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மருந்துதானே, குடியா என்ன?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அதே வார்த்தைகளை என் பதின்மூன்றாம் வயதில் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாற்பதை நெருங்கிவிட்டோம், இனி யாருக்காக மறைப்பது? சொல்லிவிடுகிறேன்.

ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் ஒரு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு. இரும்பு வார்ப்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். காலையில் சங்கு ஊதும். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு வரும். வீட்டுக்குள் திருநெல்வேலி, வாசலைத் தாண்டினால் தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நான் "நக்கோ" என்பேன். "வேண்டாம்னு தமிழ்ல சொன்னா வாய் வெந்தா போகும்?" என்று அம்மா கரண்டியோடு வருவாள்.

அத்தை வந்தது ஜூன் மாத முதல் மழையில். அப்பாவின் ஒரே தங்கை, இருபத்து நான்கு வயது. தாவரவியல் படித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தவள். ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்த காலம் அது. "இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சா போதும், இங்கன வேலை கிடைக்கும், வா" என்று அப்பாதான் கடிதம் போட்டு வரவழைத்தார். அமீர்பேட்டையில் மூன்று மாதம் பயிற்சி, பிறகு வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிநாடாவில் பேசி வைப்பார்கள். இங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை அமுக்கினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். சாப்பிடும்போதுகூட அத்தையின் வலது கால் இல்லாத பெடலை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் சுமோ வண்டி வந்து அழைத்துப் போகும், விடிந்த பிறகு கொண்டுவந்து விடும். நான் பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொள்ளும் நேரத்தில் அவள் செருப்பைக் கழற்றுவாள். அப்போதுதான் எங்கள் நாடகம் நடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க டாக்டர் மாதிரி பேசுவாள்: "ஃபார்ட்டி இயர் ஓல்ட் மேல். பேஷன்ட் டினைஸ் ஆல்கஹால்." நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

"அப்படின்னா என்ன பிள்ள?" என்பாள் அம்மா.

"தண்ணியே அடிக்கமாட்டேன்னு நோயாளி சொல்லுதான், மதினி. டாக்டருக்கு நம்பிக்கை இல்ல. அதான் குடிக்க மாட்டான்னு எழுதாம, மறுக்கிறான்னு எழுதச் சொல்லுதாரு."

அம்மாவும் சிரிப்பாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

பகலில் தூங்குவதுதான் அவளால் முடியவில்லை. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம், காய்கறி வண்டிக்காரனின் குரல், ஜன்னலில் போர்வை கட்டியும் உள்ளே வரும் வெயில். கண்ணெல்லாம் சிவந்து, மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "தலைக்குள்ள ஒருத்தன் இன்னும் பேசிக்கிட்டே இருக்கான் மதினி" என்பாள்.

நவம்பரில் ஆபீஸ் ஏசி குளிரில் அவளுக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். டவுன்ஷிப் டிஸ்பென்சரியில் ஊழியரின் மனைவி மக்களுக்கு மட்டும்தான் மருந்து. தங்கைக்குக் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் புக், பழுப்பு அட்டை போட்டது. அதில் ஆளுக்குச் சில பக்கங்கள். அம்மா போய்த் தனக்கு இருமல் என்று சொல்லி ஒரு பாட்டில் சிரப் வாங்கி வந்தாள். அடர்ந்த சிவப்பு. மூடியைத் திறந்தால் பெப்பர்மின்ட்டும் ஏதோ பழமும் கலந்த வாசனை. ஒரு மூடி அளவு ஊற்றிக் குடித்துவிட்டு அத்தை படுத்தாள். அன்றைக்கு அவள் எழுந்தது நாலரை மணிக்கு. முகம் கழுவிய பிள்ளை மாதிரி இருந்தாள்.

"மதினி, இந்த ஊருக்கு வந்து இன்னைக்குத்தான் தூங்கியிருக்கேன்."

இருமல் ஒரு வாரத்தில் போய்விட்டது. பாட்டில் போகவில்லை. தூங்கப் போகுமுன் ஒரு மூடி. பிறகு இரண்டு மூடி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் பார்த்தபோது மூடியையே காணோம், பாட்டிலை அப்படியே வாயில் வைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தாள். நானும் கண்ணடித்தேன். எங்களுக்குள் ஒரு ரகசியம் என்று எனக்குப் பெருமை.

அம்மா இரண்டாவது பாட்டிலுக்குப் போனாள், மூன்றாவதுக்குப் போனாள். ஒருநாள் அப்பா, "இன்னுமா இருமல்? நான் கேக்கவே இல்லையே" என்றார். அதற்குத்தான் அம்மா சொன்னாள்: "தூக்கத்துக்குக் கொஞ்சம் குடிக்கா. மருந்துதானங்க, குடியா என்ன? டாக்டர் எழுதிக் குடுக்கதுதான." அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

ஜனவரியில் அவள் வேலைக்குப் போகுமுன்னும் குடிக்க ஆரம்பித்திருந்தாள். இதைப் பின்னால்தான் சொன்னாள். குடித்தால் உடம்பு லேசாகிவிடுமாம், ஹெட்போனில் இரையும் குரல் பஞ்சு வழியாக வருவது போல் வருமாம், விரல்கள் தாமாக ஓடுமாம். அந்த மாதம் அவளுக்குச் சிறந்த ஊழியர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி. இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் திருத்துதா" என்பார். அந்தச் சான்றிதழ் எதனால் கிடைத்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் திக்கென்கிறது.

எதுவும் எங்கள் கண்ணில் படாமல் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தோம், வேறு பெயர் வைத்தோம். சாதத்தில் கை வைத்தபடியே தலை தொங்கும். பாவம், ராத்திரி வேலை என்றோம். கைகளைச் சொறிந்து சொறிந்து கோடு கோடாக வைத்திருந்தாள்; ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். குளியலறையில் ஒரு மணி நேரம் இருப்பாள். உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். சாப்பாடு குறைந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒல்லியாகத்தான் இருக்க ஆசைப்படுகிறார்கள் என்றோம். காலை நாடகம் நின்றுபோனது. ஒருநாள் தெரியாமல் அவள் கைப்பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் பின்னலைப் பிடித்து இழுத்த இழுப்பில் கழுத்து இரண்டு நாள் வலித்தது. சாயங்காலம் அவளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வாயில் பெப்பர்மின்ட் வாசனை.

இறகுப்பந்து உருண்டு போனதைத் தேடி அவள் கட்டிலுக்கடியில் நுழைந்தபோதுதான் நான் பாட்டில்களைப் பார்த்தேன். மருத்துவ அகராதி வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி இருந்தன. ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராதபடி துப்பட்டாவைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றியிருந்தாள். அம்மா வாங்கி வந்ததைவிட மிக அதிகம்.

"எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன்.

"பழைய பாட்டில்காரன் வந்தா போடத்தான். அம்மைகிட்ட சொல்லாத, அடசலா வச்சிருக்கேன்னு ஏசுவா."

நம்பினேன். அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

அம்மாவின் பக்கங்கள் நிரம்பி, டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அம்மா பயந்துபோய் என் பக்கத்துக்கு மாறினாள். பள்ளி விட்டு வந்த என்னையும் இழுத்துக்கொண்டு போய், "பிள்ளைக்கு இருமல்" என்பாள். டாக்டர்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்த நேரம், கூட்டமும் அதிகம். எழுதித் தருவார்கள். இப்படி என் பெயரில், எனக்கு இல்லாத இருமல் வளர்ந்தது.

பிப்ரவரியில் அத்தையின் வேலை போயிற்று. ஒரு அறிக்கையில் மருந்தின் அளவைத் தவறாக அடித்துவிட்டாள். முதல் தடவை எச்சரித்தார்கள். அடுத்த வாரம் ஒரு நோயாளியின் அறிக்கைக்குள் இன்னொருவரின் பாதி வந்திருந்தது. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு இது தெரியாது. அவள் வழக்கம்போல் மாலையில் சுடிதாரை இஸ்திரி போட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். சுமோ வருவதில்லை, ஷிப்ட் மாறிவிட்டது, பஸ்ஸில் போகிறேன், இப்போது ராத்திரி பத்து மணிக்கெல்லாம் வந்துவிடலாம் என்றாள். பட்டான்செருவிலிருந்து லிங்கம்பள்ளி வரை சாலையோர மருந்துக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கடையில் அடுத்தடுத்த நாள் கேட்டால் சந்தேகம் வரும் என்று நாள் விட்டு நாள்.

மார்ச் மாதம் ஒரு மாலை. அப்பா கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். லிங்கம்பள்ளி பஸ் நிறுத்தத்தில் அத்தை ஒரு ஆணின் தோளில் சாய்ந்து நிற்கிறாள். அவர் கையில் அவளுடைய கைப்பை. முப்பது வயதிருக்கும் மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி, அந்த மனிதர் கையிலிருந்து பையைப் பிடுங்கி, அத்தையை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அம்மா அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள். அப்பா கதவைச் சாத்தினார்.

"யாரு அவன்?"

அத்தை சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கேக்கேன்லா. யாருட்டி அவன்? மருந்துக்கடை கவுன்ட்டர்ல நிக்க பயதான? நான் பார்த்திருக்கேன் அவனை."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. நான் குட்டையாக இருந்ததால் எனக்கு உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. அப்பா பையை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பையில என்ன, லெட்டரா?" என்று ஜிப்பில் விரலை வைத்தார்.

"ஆமாண்ணே" என்றாள் அத்தை சட்டென்று. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. பையில ஒண்ணும் இல்ல. அவரைத்தான் கட்டிக்கிடுவேன்."

அப்பா பையைக் கட்டிலில் வீசிவிட்டு அவளை அறைந்தார். ஒரு அறை அல்ல. அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். அடி வாங்கிக்கொண்டே அத்தை காலால் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. தப்பித்துவிட்ட ஆளின் முகம் அது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

மறுநாள் அப்பா உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். வாடிக்கையாளர்கள் முன்னால் அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து அடித்தார்கள். அவர் "பஹன் ஜைசி ஹை, ஸாப்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம், தங்கச்சி மாதிரி என்று. அப்பா வந்து தலையில் அடித்துக்கொண்டு அதைச் சொன்னார்: "மாட்டிக்கிட்டதும் தங்கச்சிங்கான்." கடை முதலாளி அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அத்தையைச் சின்ன அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஊரிலிருக்கும் பெரியப்பாவுக்கு அப்பா போன் செய்து, கிடைத்த மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் அத்தை சத்தமில்லாமல் இருந்தாள். பையில் இருந்தது அந்த இரண்டு நாளுக்குத்தான் வந்தது போலிருக்கிறது. மூன்றாம் நாள் மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்தன. ஓயாமல் கொட்டாவி. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடப்பாள். திடீரென்று எழுந்து கதவை இடிப்பாள். வெயில் கொளுத்தும் பகலில் போர்வை கேட்டாள். அவள் கையில் மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றதைச் சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன், உரித்த கோழியின் தோல் மாதிரி இருந்தது.

"காதல் படுத்துத பாடு" என்றார் அப்பா. அம்மா வாந்தியைப் பார்த்து வேறொன்றை நினைத்துப் பயந்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "நாள் தள்ளிப் போயிருக்கா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள். அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் அறையை விட்டே ஓடினேன்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். பின்பக்க ஜன்னல் கம்பி வழியாக அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"எட்டி, எனக்கு ஒரு உபகாரம் செய்வியா? செத்துருவேன் போல இருக்கு. மெடிக்கல் புக்கை எடுத்துக்கிட்டு நீயே டிஸ்பென்சரிக்குப் போ. இருமல்னு சொல்லு."

"எனக்கு இருமல் இல்லியே."

"இருமிக் காட்டு. தொண்டையில இருமாத, கண்டுபிடிச்சிருவாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ளேருந்து இருமு. இப்போ செய், நான் பாக்கேன்."

இருமினேன். "இன்னும்" என்றாள். இருமினேன். அவள் கம்பியில் நெற்றியை வைத்துக் கேட்டாள். "நல்லா வருது. போ, என் தங்கம்லா, போ."

எனக்குப் பயமாக இல்லை என்பதுதான் இன்று என்னை உலுக்குகிறது. நாடகத்தில் வேஷம் கிடைத்த பிள்ளை மாதிரி போனேன்.

டிஸ்பென்சரியில் புதிதாக மாற்றலாகி வந்த டாக்டரம்மா இருந்தார். தெலுங்குக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். நான் இருமினேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு மெடிக்கல் புக்கைப் புரட்டினார். என் பக்கத்தைப் பார்த்தார். அதற்கு முந்தின பக்கத்தை. அதற்கும் முந்தினதை. புரட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது.

"எத்தனை மாசமா இருமல்?" என்று இந்தியில் கேட்டார்.

"ரொம்ப நாளா."

"எடை குறைஞ்சிருக்கா? சாயங்காலம் காய்ச்சல் வருதா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் சீக்கிரம் எழுதித் தருவார் என்று நினைத்தேன்.

"இருமும்போது ரத்தம் வருதா?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்று.

அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னைத் தனி பெஞ்சில் உட்காரவைத்து, வாயில் ஒரு துணியைக் கட்டி, அப்பாவின் பிரிவுக்குப் போன் செய்யச் சொன்னார். கால் மணி நேரத்தில் அப்பா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தார். டாக்டரம்மா ஏதோ சொல்ல, காசநோய் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அப்பா என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். என் பள்ளிச் செருப்பின் வாரைத் திரும்பத் திரும்பச் சரி செய்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. நான் அதற்கு முன் அப்பா அழுது பார்த்ததில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அத்தை செத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

யாரோ சொல்லி அம்மா ஓடிவந்தாள், கையில் சோப்பு நுரை காயாமல். என் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். டாக்டரம்மா மெடிக்கல் புக்கை விரித்து அவள் முன் நீட்டினார். "இவ்வளவு நாள் இருமல். யாரும் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கலியா அம்மா?"

அம்மா புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அவளுக்கு இருமலே கிடையாது டாக்டர்" என்றாள். "ஒரு நாளும் இருந்ததில்ல."

"அப்போ இதையெல்லாம் யாரு குடிச்சது?"

அப்பா தரையிலிருந்து மெல்ல எழுந்தார். "என்ன சொல்லுத நீ? என்ன சொல்லுத?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துகொண்டு வருவதை அவர் முகத்தில் பார்த்தேன்.

டாக்டரம்மாவும் எங்களோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். பூட்டைத் திறக்க அப்பாவுக்குச் சாவி பொருந்தவில்லை, அம்மா வாங்கித் திறந்தாள். அறைக்குள் நாற்றம். அத்தை என் கையைத்தான் முதலில் பார்த்தாள். கை வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, மனிதச் சத்தம் மாதிரியே இல்லை. டாக்டரம்மா அவள் இமையை விலக்கிப் பார்த்தார், கையில் குத்திட்டிருந்த மயிரைத் தடவிப் பார்த்தார். எவ்வளவு நாளாக, எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். "ட்வென்டி ஃபோர் இயர் ஓல்ட் ஃபீமேல்…" அதே அமெரிக்க டாக்டரின் குரல். எப்போது ஆரம்பித்தது, எத்தனை மூடியில் ஆரம்பித்து எத்தனை பாட்டிலில் நிற்கிறது, நிறுத்தினால் எத்தனை மணி நேரத்தில் என்னென்ன ஆகிறது, எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல், கமா முற்றுப்புள்ளி சொல்லி, தன் நோயைத் தானே சொல்லி எழுதவைப்பது போல் சொன்னாள். அவள் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு வந்தபோது இதே வியாதியை எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறாள். தெரிந்திருந்தும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் எங்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

"அந்த சிரப்புல அபின் ஜாதி மருந்து இருக்கு. முதல்ல தூக்கத்துக்கு மருந்து தேவைப்பட்டுது" என்றார் டாக்டரம்மா, அப்பாவிடம், தனக்குத் தெரிந்த தமிழில். "அப்புறம் மருந்து இல்லாட்டி தூக்கம் இல்ல. இப்போ மருந்து இல்லாட்டி உடம்பே இல்ல. இது திமிர் இல்ல, காதலும் இல்ல. வியாதி."

அப்பா கேட்டார்: "அப்போ அந்த ஆளு?"

"அவரு எனக்கு மருந்து தரமாட்டேன்னுட்டாருண்ணே" என்றாள் அத்தை. "மத்த கடையில எல்லாம் தந்தாங்க. அவர் ஒருத்தர்தான், இது நல்லதில்ல, டாக்டரைப் போய்ப் பாருங்கன்னாரு. அன்னைக்குக் கடை வாசல்லயே எனக்குத் தலை சுத்திட்டு. பஸ் ஏத்திவிடக் கூட வந்தாரு. அவ்வளவுதான். அவர் பேருகூட எனக்குத் தெரியாது."

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். பிறகு வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தாள், அது ஆடை கட்டி அப்படியே கிடந்தது.

அதன் பின் நடந்தது நீளம். நகருக்குள் ஒரு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டில் சேர்த்தார்கள். மற்ற எல்லாரும் ஆண்கள், குடிகாரர்கள். பெண்களுக்கு இடமே யோசித்து வைத்திருக்கவில்லை; நடைக்கோடியில் ஒரு திரை கட்டி அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். உறவினர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். ஒரு மாதத்தில் தேறி வந்தாள். நான்காவது மாதம் மறுபடி விழுந்தாள். இன்னொரு முறை சிகிச்சை எடுத்தாள், இரண்டு வருடம் நன்றாக இருந்தாள், பல் வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையில் மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பித்தது, முதல் மூடியிலிருந்து அல்ல. கல்யாணம் நடக்கவில்லை. கடைசியில் ஊருக்குப் போய், ஒரு பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலையில் நிலைத்தாள்.

அப்பா அந்த மருந்துக்கடை மனிதரைத் தேடி மூன்று முறை போனார். முதல் முறை கடைக்கு. அங்கே அவர் பெயர் சொல்லவே பயந்தார்கள். அடுத்த முறை பட்டான்செருவில் அவர் குடியிருந்த தெருவுக்கு, வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் முறை பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்: "அவமானம் தாங்காம பெண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ ஊருக்கே போயிட்டான். எந்த ஊருன்னு தெரியாது. அடிச்சவன் நீங்கதானா?" அப்பா ஆமாம் என்றாராம். அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார். அதன் பிறகு தொழிற்சாலையில் யாராவது அவர் கண்ணைப் புகழ்ந்தால் அப்பா எழுந்து போய்விடுவார்.

அம்மா இறப்பதற்கு முந்தின வருடம் என்னிடம் ஒன்று சொன்னாள். "நாலாவது பாட்டில்லயே எனக்குத் தெரிஞ்சிட்டு. குடிச்சா வீட்டுல சிரிப்பு இருக்கும். குடிக்காட்டி அவ முகத்தைப் பாக்க முடியாது. சிரிக்கட்டும்னு நானே போய் வாங்கியாந்தேன்." எனக்கும் ஜன்னலோரம் நின்று இருமிய கணக்கு இருக்கிறது.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. துணைக்கு அத்தை வந்தாள். வயது ஐம்பதுக்குப் பக்கம், தலை பாதி நரைத்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் இளம் நர்ஸ் ஒருத்தி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டுக் கட்டில் உள்ள வார்டு, எல்லாக் கட்டில் பக்கத்திலும் உறவினர்கள். "வலிக்கு இது, கொஞ்சம் ஸ்ட்ராங்கானது. அம்மா, நீங்கதான பேஷன்ட்டைப் பார்த்துக்கறவங்க? பிடிங்க" என்று அட்டையை அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"எங்கிட்ட குடுக்காதீங்கம்மா. அவ வீட்டுக்காரர் கீழ பில் கட்டப் போயிருக்காரு, அவர்கிட்ட குடுங்க."

"ஏம்மா, நீங்க வச்சிருந்து நேரத்துக்குக் குடுத்தா என்ன?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு அந்த வியாதி உண்டு" என்றாள். "பன்னெண்டு வருஷமா தொடல. ஆனா கையில குடுத்தா தொடுவேன்."

நர்ஸ் அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அத்தை நாற்காலியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கணவர் வரும்வரை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.